போகவிடாத பிள்ளை

"செலீன், நான்தான். தாரிக். அடையாளம் தெரியேல்லையோ?"

மொன்றியலின் புறநகரான பியர்பொன்ட்ஸில், தன் வீட்டு வாசலில் பனி படிந்த கோட்டோடு நின்ற இருபது வயது இளைஞனைப் பார்த்துச் செலீன் திகைத்தாள். முகம் மாறியிருந்தது. ஆனால் ஓர் அரபு இளவரசன் மன்னார்த் தமிழ் பேசினால், அது அவள் அரண்மனையில் ஆயாவாக இருந்து ஆறு வருடம் வளர்த்த பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும்.

"உள்ளுக்கு வா ராசா. குளிருக்க நிக்காத."

வந்தவனின் பெயரைக் கேட்டதும் அவளுடைய கணவர் நீக்கிலாப்பிள்ளை எழுந்து பேஸ்மென்றுக்கு இறங்கிப் போனார்.

தாரிக் மொன்றியலுக்குப் படிக்க வந்து மூன்று மாதம். அரண்மனையின் பழைய சமையல்காரரிடம் அவளுடைய விலாசத்தை வாங்கியிருந்தான்.

"வந்த முதல் கிழமை மெற்றோ ரெயின் கதவு பூட்டுப்பட்டுது. எனக்காகத் திருப்பித் திறப்பாங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்," என்று சிரித்தான். "ஒருத்தரும் திரும்பியும் பாக்கேல்லை."

செலீனும் சிரித்தாள். அவன் தன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"அங்க அரண்மனையில எல்லாரும் எனக்காகப் பிறந்தவை எண்டுதான் நினைச்சனான். டிரைவர், சமையல்காரர், நீங்கள். உங்களுக்கும் ஒரு வீடு, ஒரு பிள்ளை இருக்கும் எண்டு யோசிக்கவே இல்லை."

"தேத்தண்ணி ஆறுது. குடி."

"எனக்கு அப்ப ஏழு வயசு. உங்கட மகனுக்குக் காய்ச்சல் எண்டு கடிதம் வந்தது. போகவேணும் எண்டு அழுதீங்கள். செலீனை விடவேண்டாம் எண்டு அப்பாட்டச் சொன்னது நான்தான். அவர் உங்கட பாஸ்போட்டை வாங்கி ஒரு வருசம் பூட்டி வச்சார். நான் அண்டைக்குச் சந்தோசமா நித்திரை கொண்டனான்."



"சின்னப் பிள்ளை. உனக்கென்ன தெரியும்?"

"நீங்கள் அழுததைப் பாத்தனான்தானே. என்னை மன்னிப்பீங்களோ?"

அவள் அவன் தலையைத் தடவினாள். "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது ராசா."

"உங்கட மகன்... றெக்ஸ்தானே பேர்? அவனிட்டயும் மன்னிப்புக் கேக்கவேணும். இருக்கிறானோ?"

செலீன் யன்னல் பக்கம் பார்த்தாள். "வேலைக்குப் போயிட்டான். பக்கத்தில புவாண்ட்-கிளேர்ல, ஒரு வெயார்ஹவுஸ். வர நேரமாகும்."

"சுகமா இருக்கிறானோ?"

"நல்ல சுகம். உன்னைவிட ஒரு சாண் உயரம்."

தாரிக்கின் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு கோப்பைத் தேநீரைக் கேட்டு வாங்கிக் குடித்தான். றெக்ஸுக்குத் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தான். பிறகு அவளைக் கட்டியணைத்து விடைபெற்று, பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

கதவைச் சாத்தியதும் நீக்கிலாப்பிள்ளை மேலே ஏறி வந்தார்.

"கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். அந்தக் காய்ச்சலோடயே செத்துப்போன றெக்ஸை ஊரில, மடுவில தனியப் புதைச்சவன் நான். ஏன் அதை அவனுக்குச் சொல்லேல்லை?"

செலீன் கண்ணைத் துடைத்தாள்.

"சொல்லத்தான் வாயெடுத்தன். ஆனா அவனை அழவிடாமப் பாக்கிறதுதானே அங்க என்ர வேலை? இண்டைக்கும் வாய் தன்பாட்டில பொய்யைச் சொல்லிப்போட்டுது."