பரணில் ஒரு கட்டுரை

ஸ்டூலின் மேல் ஏறி நின்று, பரணிலிருந்து இன்னொரு டிரங்குப் பெட்டியை இறக்கினாள் லூர்துமேரி. கீழே நின்று வாங்கிய ஷர்மிளாவின் தலையெல்லாம் தூசி.

“இதுலயாவது இருக்குமா மேடம்?”

“தொண்ணூத்தி நாலுல எழுதினது எங்கே ஓடிடப் போகுது? நீ முதல்ல காபியைக் குடி. நக்கோ, வேண்டாம்னு சொல்லாதே.”

“ஹவ் மேடம்” என்று தலையாட்டிக்கொண்டே டம்ளரை எடுத்தாள் ஷர்மிளா.

“பார்றா, நாகர்கோவில் பொண்ணு ஹைதராபாத்காரி ஆயிட்டா.”

ரயில் வேலைக்காகப் பர்மாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போன தமிழர்களைப் பற்றி, பல்கலைக்கழக விடுதியில் தங்கி ஆராய்ச்சி செய்கிறவள் ஷர்மிளா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரெட்பள்ளியில் இந்த வீட்டு கேட்டைத் தட்டி, தலைப்பு, வருஷம் எல்லாம் சொன்னாள். “நீங்க எழுதின கட்டுரைய ஒரு அடிக்குறிப்புல பாத்தேன் மேடம். எந்த லைப்ரரிலயும் இல்ல, நெட்லயும் இல்ல. மூலத்தப் பாக்காம மேற்கோள் போடக் கூடாதுன்னு கைடு சொல்லிட்டாரு.”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வருகிறாள். கேட்டில் ‘லூர்துமேரி எம்.ஏ., வரலாறு’ என்று தமிழில் ஒரு பித்தளைத் தகடு. லூர்துமேரிக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தபோது, லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பா வெட்டிக் கொடுத்தது. தெருவில் யாருக்கும் படிக்கத் தெரியாத அந்த எழுத்தைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டுத்தான் ஷர்மிளா உள்ளே நுழைவாள்.

பெட்டி காலியாயிற்று. “அடுத்த வாரம் அந்த மரப் பெட்டியைப் பாத்துடலாம்” என்றாள் லூர்துமேரி.

“தீசிஸ் அடுத்த மாசம் குடுக்கணும்தான். பரவால்ல மேடம், மெதுவாத் தேடுவோம்.”

லூர்துமேரி காலிப் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். அப்படி ஒரு கட்டுரையை அவள் எழுதியதே இல்லை. யாரோ எங்கேயோ பெயரை மாற்றிப் போட்டிருக்க வேண்டும்.

முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் தனியாக இருக்கிற அவளிடம் தம்பி பிள்ளைகள் பண்டிகைக்குப் பண்டிகை போனில் தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி. வாசலில் வந்து நின்ற தமிழைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

சொல்லிவிட்டால் இனி ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாள் மாதிரிதான். அதற்காக இந்தப் பெண்ணின் படிப்பைக் கெடுப்பதா?

பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டாள். “ஷர்மிளா, அந்தக் கட்டுரையை நான் எழுதவே இல்லம்மா. நீ வந்துகிட்டு இருக்கணும்னுதான் தேடுற மாதிரி தேடினேன். வேற யாராவது எழுதியிருப்பாங்க. அவங்களைப் போய்க் கேளு.”

ஷர்மிளா டம்ளரைக் கீழே வைத்தாள். துப்பட்டா நுனியில் ஒட்டியிருந்த பித்தளைக் கறையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“வேற யாரும் எழுதல மேடம். அந்தத் தலைப்ப, தமிழ்ல உங்க பேரப் பாத்துட்டு, கேட்டுக்கு வெளிய நின்னு நாந்தான் யோசிச்சேன்.”