இன்னும் இருபது ஊசி

"இந்த மாசமும் என் காது பாஸ்தான், பாரு" என்றபடியே சைதூன் வந்து உட்கார்ந்தாள். ஹெட்போனைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அறை சிறியது. மெஷினுக்கு இந்தப் பக்கம் பவித்ரா, அந்தப் பக்கம் நோயாளி. காசநோய்க்குத் தினமும் ஊசி போட்டுக்கொள்பவர்களின் காதை மாதம் ஒருமுறை சோதிப்பது பவித்ராவின் வேலை. அவள் பட்டனை அழுத்தினால் ஹெட்போனில் ஒலி வரும்; கேட்டால் நோயாளி கையை உயர்த்த வேண்டும். நோயைத் தீர்க்கும் மருந்துதான். சிலருக்குக் காதைக் கெடுத்துவிடும்.

"மண்ணுல இருக்குற ஒரு கிருமிதான் இந்த மருந்தச் சுரக்குதாம். டாக்டரம்மா அன்னைக்குச் சொன்னாக. நான் மண்ணுக்குள்ள போகாம இருக்க, மண்ணையே ஊசியாப் போடுறீக!"

சைதூன் சிரித்தாள். இப்போதெல்லாம் சிரித்தால் இருமல் வருவதில்லை.

"எடை கூடியிருக்காக்கா?" மாஸ்க்குக்குள்ளிருந்து பவித்ரா கேட்டாள்.

"இன்னும் இருபது ஊசிதான். நடுவுல காது போச்சுன்னு நிறுத்திப்புட்டீகன்னா நான் எங்க போவேன்? போன தடவ பாதியில விட்டதுக்குத்தான் திரும்ப வந்துச்சு. எங்க நுஸைபாவத் தூக்கி அஞ்சு மாசமாச்சு. மூணு வயசு. நத்தத்துல அக்கா வீட்டுல இருக்கா. போன்ல அம்புட்டு வாயி பேசுறாளாம்."

"நீங்க பேசலையாக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான் கோவம். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறேனாம். கல்யாணமான புதுசுலருந்தே அப்படித்தானேன்னு சொல்லிட்டேன். ஏம்மா, சட்டுன்னு பாத்து விடு. ஊசி போடுற சிஸ்டர் டீக்குப் போயிருவாக."

பவித்ரா மெஷினை ஆன் செய்தாள். பிறகு பட்டனை அழுத்தினாள்.

சைதூனின் கை உயர்ந்தது.

குமிழைத் திருப்பி மறுபடி அழுத்தினாள். உயர்ந்தது. வலது காது. இடது காது. அவசரமாக இரண்டு முறை, நெடுநேரம் விட்டு ஒரு முறை. மொத்தம் பன்னிரண்டு தடவை. பன்னிரண்டுக்கும் கை உயர்ந்தது. சைதூனின் கண்கள் பவித்ராவின் விரல்மேலேயே இருந்தன.

"ஒண்ணாவது தப்புச்சா? நல்லா கேக்குதுன்னு எழுதிக் குடு தாயி."

பவித்ரா பேனாவைத் திறந்தாள். எழுத வரவில்லை.

ஹெட்போன் வயரை அவள் இன்று மெஷினில் செருகவே இல்லை.