நண்டை அழவைத்த பாட்டு

குளத்துத் தவளைகளின் ராக் இசைக் குழுவுக்கு நண்டைப் போல வெறிபிடித்த ரசிகன் கிடையாது. எந்தப் பாட்டு நெஞ்சை உருக்கும் என்று எருமையோடு அதற்குத் தினமும் சண்டை.

“‘வத்தாதே குளமே’ கேட்டு மூணு நாள் நான் புல்லே தொடலை,” என்றது எருமை.

“அதெல்லாம் ஒரு பாட்டா? போன வாரம் கடைசிப் பாட்டுல, ‘ஐயோ, விடு, விடு’ன்னு அண்ணன் ஒரு கத்து கத்தினாரே, அதுதான்யா பாட்டு!” சொல்லும்போதே நண்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்நேரம் பாடகர் தவளையே நொண்டிக்கொண்டு வந்தது. “அது பாட்டில்லைங்க. பாம்பு என் காலைக் கவ்விடுச்சு.”

நண்டுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எருமைகூடத் தோல்வியை ஒப்புக்கொண்டது.

“அண்ணே,” என்று கொடுக்குகளைக் கூப்பியது நண்டு, “அடுத்த கச்சேரிக்கும் பாம்பு வருதுல்ல?”