ஒன்பதாவது செவ்வாய்

மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடமாக நிற்கிறாள் உமாதேவி. ஏற்ற மனம் வரவில்லை.

இது ஒன்பதாவது செவ்வாய். இதை ஏற்றிவிட்டால் ஒன்பது வார நேர்த்திக்கடன் முடிந்தது.

பெக்கான் நானாஸ் டவுனைத் தாண்டி, அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே, கம்பம் என்று இங்கே சொல்லும் சின்னக் கிராமம் ஒன்றில் இருக்கிறது அந்த அந்தோணியார் கோயில். நூறு வயதைக் கடந்த பலகைச் சுவர், தகரக் கூரை. பாதிரியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் கூட்டிப் பெருக்கும் வெள்ளையம்மா மட்டும்தான். உமாதேவி வீட்டில் முருகன் படம்தான். ஆனாலும் செவ்வாய்க்கிழமை இங்கே வருகிறவர்களிடம் வீட்டில் எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை.

பக்கவாதத்தில் விழுந்த மாமியார் வேதநாயகி எழுந்து நடக்க வேண்டும். வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள்.

மூன்று வருடமாகப் புரட்டிப் படுக்க வைப்பது, பேம்பர்ஸ் மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவள்தான். மார்க்கெட்டுக்குக்கூடக் கணவன் திருச்செல்வமே போய் வந்துவிடுவான். நல்ல மனுஷன். அவள் வாசலைத் தாண்ட ஒரு காரணத்தையும் மிச்சம் வைக்காத நல்ல மனுஷன்.

சாமி காரியம் என்றால் மட்டும் மறுபேச்சுப் பேச மாட்டான். செவ்வாய் அவனுக்கு வேலை லீவு. ஒரு மணி நேரம் தாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான்.

உண்மையில் அவள் இங்கே வந்து ஒன்றும் வேண்டுவதில்லை. கடைசி பெஞ்சில், காற்றாடிக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருப்பாள். யாரும் கூப்பிட மாட்டார்கள். அவ்வளவுதான்.

போன தடவை எட்டோடு நின்றுபோனது. ஒன்பதாவது செவ்வாயன்று மாமியாருக்கு ஓயாத வாந்தி. நடுவில் ஒன்று விட்டாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று வெள்ளையம்மா சொன்னபோது உமாதேவி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். தானாக விடத்தான் துணிச்சல் இல்லை. வந்த இடத்தில் பொய்யாக உட்கார்ந்திருப்பதே போதாதா, கணக்கிலும் சாமியை ஏமாற்ற வேண்டுமா?

நாளையிலிருந்து அந்த நான்கு சுவர்தான். தீக்குச்சியை உரசினாள்.

போன் அடித்தது.

"அம்மாவுக்கு மூச்சு வாங்குது. சீக்கிரம் வந்துரு லா," என்றான் திருச்செல்வம்.

குச்சி விரல் வரை எரிந்து அணைந்தது.

பயத்துக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது. அதை நினைத்துக் கூசிப்போனாள். மாமியாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது தன் ஆசை வரவழைத்ததுதான் என்று வழி நெடுக அழுதுகொண்டே வண்டியை ஓட்டினாள்.

வீட்டில் அவன் தாயின் நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தான். மருமகள் உள்ளே வந்ததும் வேதநாயகியின் இரைப்பு மெல்ல அடங்கியது. உதடு அசைந்தது.

வாய் கோணிப்போன நாளிலிருந்து அவள் பேச்சு பெற்ற மகனுக்கே விளங்குவதில்லை. உமாதேவி ஒருத்திக்குத்தான் விளங்கும். குனிந்து காதைக் கொடுத்தாள்.

"ஏத்திட்டியா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்ப ஒண்ணுலேருந்து ஆரம்பி. ஒம்பதாவது வாரத்த நான் பாத்துக்குறேன்."

உமாதேவி மாமியாரின் சுருங்கிய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று பதறினான் திருச்செல்வம்.

"தண்ணி வேணுமாம்," என்றாள்.

அவன் அடுப்படிக்கு ஓடினான்.