ஒரு கை போதாது

திருச்சானூர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள பர்கர் கடையில், தேவயானி துப்பட்டாவைத் தாடைக்குக் கீழே இடக்கையால் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பெற்ற நைனா நோயிலிருந்து எழுந்ததற்கான வேண்டுதல். காலையில்தான் மலையில் மொட்டை போட்டுக்கொண்டாள். எதிரே பரணி, அடுத்த மாதம் அவளுக்குத் தாலி கட்டப்போகிறவன். விஷயம் அவனுக்குத் தெரியும். தலையைத்தான் இன்னும் பார்க்கவில்லை. சுற்றிலும் மேசைக்கு மேசை சந்தனம் பூசிய மொட்டைகள் வெளிச்சத்தில் பளபளக்கின்றன. யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதாக இல்லை. அவள் ஒற்றைக் கையால் பர்கரைத் தூக்க, பனீர் பின்பக்கமாக நழுவித் தட்டில் விழுகிறது. “ரெண்டு கையால புடிச்சி துன்னு,” என்கிறான் பரணி. “தெரியும் மாமா,” என்கிறாள் வெடுக்கென்று. ஆனால் பசி வெட்கத்தை மிஞ்சிவிட்டது. துப்பட்டாவை விடுகிறாள்.

மின்விசிறிக் காற்று சந்தனத்தில் பட்டுத் தலையெல்லாம் சில்லென்கிறது. குனிந்தபடியே, வாய் கொள்ளாமல் ஒரு கடி கடிக்கிறாள். பரணி மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்க்கிறான். “இன்னா மாமா?” “மூக்குல சாஸ் ஒட்டிக்கினு கீது.” தேவயானிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. இவ்வளவு நேரம் தலையை மறைத்திருந்த துப்பட்டாவாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு பர்கருக்குக் கை காட்டுகிறாள்.