ஜபாரின் நட்டம்

"இவனுக்கு ஒரு நட்டமும் இல்ல மிஸ். எழுதாதீங்க."

குரல் கேட்டு ஜபார் திரும்பினான். அடுத்த காணிக்காரர் நெய்னார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பில் நின்றார்.

வெள்ளத்தில் பயிர் அழிந்தவர்களுக்கு அரசாங்கம் நட்டஈடு கொடுப்பதாக அறிவித்திருந்தது. யாருக்கு எவ்வளவு அழிவு என்று பார்த்துப் பதிய, கமநல சேவை நிலையத்திலிருந்து கௌசல்யா நுரைச்சோலைக்கு வந்திருந்தாள்.

ஜபார் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தான். மழை தொடங்குவதற்கு முன்பே மனைவியைப் பிரசவத்துக்குப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவன். பாதையைத் தண்ணீர் மூட, அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். கைபேசியும் செத்துப்போனது.

பிடுங்கத் தயாராக விட்டுப் போன வெங்காயம். இப்போது காணி முழுக்கத் தண்ணீர். ஒரு வெங்காயத் தாள்கூட மேலே தெரியவில்லை.

நட்டஈடு வந்தால்தான் அடுத்த போகத்துக்கு விதை. அதையும் இந்த மனிதர் கெடுக்கப் பார்க்கிறார்.

"நட்டம் இல்லாட்டி இது என்ன கடலா, நெய்னார் நானா?"

நெய்னார் வரம்பிலிருந்து இறங்கினார். கௌசல்யாவைப் பார்த்து, "கொஞ்சம் எங்கட ஊட்டுக்கு வாங்க மிஸ்" என்றார். ஜபாரிடம், "நீயும் வா" என்றார்.

நெய்னார் வீட்டு முற்றத்தில் கதிரைகளும் கட்டிலும் அலுமாரியும் தார்ப்பாயின் கீழே குவிந்து கிடந்தன. வீட்டைக் காலிபண்ணப் போகிறார்களோ என்று கௌசல்யா நினைத்தாள்.

வாசலை நெருங்கும்போதே வெங்காய மணம் மூக்கில் ஏறியது.

மண்டபத்தில் வெங்காயம். இரண்டு அறைகளிலும் வெங்காயம். தாளோடு பிடி பிடியாகப் பரப்பியிருக்க, மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நெய்னாரின் மனைவி றம்லா நடுவில் குந்தியிருந்து ஒவ்வொரு பிடியாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உன்டதான்" என்றார் நெய்னார். "வானம் கறுத்த உடனே ஆளப் போட்டுப் பிடுங்கிட்டோம். எத்தன தரம் உனக்கு போன் அடிக்கிற?"

ஜபார் குனிந்து ஒரு பிடியை எடுத்தான். சிவந்து, காய்ந்து, கையில் சரசரத்தது. அதை முகர்ந்து பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"பொம்புளப் புள்ள, நானா" என்றான்.



"மாஷா அல்லாஹ்" என்று றம்லா எழுந்து, மண் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு சீனி எடுக்கக் குசினிக்கு ஓடினாள். கௌசல்யாவின் வாயிலும் ஒரு கரண்டி விழுந்தது. அந்த இனிப்போடுதான் அவள் எழுதத் தொடங்கியிருந்த ஜபாரின் பெயரை வெட்டினாள். காலையிலிருந்து அழிவையே எழுதி வந்த கைக்கு அது சுகமாக இருந்தது.

போவதற்குத் திரும்பியவள், காலை வைக்க இடம் தேடிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப உங்கட வெங்காயத்த எங்க காயப் போட்டிருக்கீங்க?"

நெய்னார் தலையைச் சொறிந்தார்.

"இருந்த ஆக்கள் ஒரு காணியப் பிடுங்கத்தான் போதும் மிஸ். இவன்ட காணி பள்ளம். எங்கட மேடுதானே, தண்ணி ஏறாதுண்டு நெனச்சேன்."

ஜபாரின் சிரிப்பு நின்றது. றம்லா மட்டும் சீனிப் போத்தலை மூடிக்கொண்டே சிரித்தாள்.

"இவர்ட பேர எழுதுங்க மிஸ். அந்த மேட்டுல இப்ப மீன் ஓடுது."