ஓக் மரத்துக்குள் ஆணி

ஆலன் நகரத்து ஆகஸ்ட் வெயிலில், நோய் வந்து பட்டுப்போன ஓக் மரம் வீட்டுக்குப் பின்னால் வெட்டிக் கிடக்கிறது. விறகாக்க மனசு வராமல், பலகையாக அறுக்க வேலுமணி வரவழைத்த ட்ரெய்லர் ரம்பம் அதன் மேல் ஊர்கிறது. பிளேடு கத்துகிறது, மரத்தூள் புளித்த வாசனையோடு பறக்கிறது. காதுமூடி மாட்டிக்கொண்டு ரம்பக்காரர் டேல் அதைத் தள்ளுகிறார். இடுப்பில் பேஜரோடு வேலுமணி எதிர்முனையில் நின்று பலகையை வாங்குகிறான். "ஆணி இருந்தா பிளேடு தெறிச்சு ஆள் மேலயே பாயுமாம், இரும்பு பட்ட இடம் கறுத்திருக்குமாம். நீ எதாவது அடிச்சியா?" என்று காலையில் மனைவியிடம் கேட்டான். "இல்லைங்க" என்றுவிட்டாள் கண்மணி. இப்போது பின்கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். கைப்பிடி வியர்வையில் வழுக்குகிறது. அடுத்த பலகை சரிகிறது. தூளுக்கு அடியில் மை கொட்டினாற்போல் ஒரு கருநீலக் கறை. டேல் பார்க்கவில்லை. வேலுமணியும் பார்க்கவில்லை. ரம்பம் மறுபடி நகர்கிறது. கண்மணி வெறுங்காலோடு ஓடி இரண்டு கைகளையும் ஆட்டுகிறாள். எஞ்சின் அடங்குகிறது. பக்கத்து வீட்டு ஏசி மட்டும் இரைகிறது.

"உள்ள ஆணி இருக்குங்க."

"எதுக்கு அடிச்ச?"

"உண்டானப்பெல்லாம் வேண்டிக்கிட்டு ஒரு துணித்தொட்டில் கட்டினேன். எட்டுற உயரத்துல கிளை இல்ல, அதான் ஆணி அடிச்சேன். தங்கலைன்னதும் துணியை அவுத்துட்டேன். ஆணியைத்தான் பிடுங்க முடியல."

வேலுமணி பலகையை மெல்லத் தரையில் வைக்கிறான். இரண்டு முறை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் அவன்தான்.

"அப்ப ரெண்டு ஆணி" என்கிறான்.

கறையைப் பார்த்தபடியே கண்மணி மூன்று விரலை நீட்டுகிறாள்.